வாட்டா, வீடா, இல்லமா? கடைசி மாதங்களில் யாரை நம்புவது

மாமிக்கு வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன அன்று எங்கள் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. பெரிய மச்சான் ஆஸ்பத்திரி வாட்டிலேயே வைத்திருப்போம் என்றார். கொழும்பில் கடை வைத்திருக்கும் சின்ன மச்சான் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்க என்று நாளுக்கு நாலு தரம் கோல் எடுத்தார். மனைவி மட்டும், "அம்மா அவட வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டா" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். மட்டக்களப்பில் வீடு தாய்வழியாக மகளுக்கு வருவது. மாமிக்குச் சீதனமாக வந்த வீடு, பிறகு என் மனைவிக்கு எழுதிக்கொடுத்த வீடு. நான் அங்கே வந்து குடியேறிய மருமகன். யார் சொல் நின்றிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

நாலு வருசத்துக்கு முன் என் அப்பாவை வாட்டில் வைத்துப் பறிகொடுத்தவன் நான். காத்தான்குடி நண்பர் ஒருவர் தன் வாப்பாவை, கடைசிக்கால நோயாளிகளைப் பார்க்கும் பராமரிப்பு இல்லமொன்றில் வைத்துக் கடைசிவரை பார்த்தார். மாமியை வீட்டில் பார்த்தோம். மூன்றையும் அருகருகே வைத்துப் பேச இப்போது எனக்கு ஓரளவு முடிகிறது. இந்த நிலைக்கு வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது "எங்க வசதி கூட?" என்றுதான். இரவு 2 மணிக்கு வலி கிளம்பினால் யார் என்ன செய்வார்கள் என்று முதலில் கேளுங்கள் என்பேன். ஏசியும் டைல்ஸும் அதற்குப் பிறகு.

வாட்டுக்கு உள்ள பலம் பெரிது. அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஊசி, ஒட்சிசன், இரத்தம், எந்த நேரமும் ஒரு டொக்டர், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு வந்தபிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாவற்றுக்கும் மகரகமவுக்கு ஓடுவதும் குறைந்தது. வாந்தி நிற்காமல் போகிறது, இரத்தம் போகிறது, எலும்பு உடைந்துவிட்டது என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

ஆனால் வாட்டு என்பது ஆளைச் சுகமாக்கி அனுப்புவதற்கென்று அமைந்த இடம். சுகமாகமாட்டார் என்று தெரிந்த ஆளுக்கு அங்கே கட்டில் இருக்கும், இடம் இருக்காது. அப்பா இருந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஒருநாள் இரவு அவருக்கு நாரியில் வலி தாங்கவில்லை. மோர்பின் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. எடுக்க டொக்டரின் எழுத்து வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். டொக்டர் வேறு வாட்டில். நேர்ஸ் மிஸ் அந்த நேரம் புதிதாக வந்த இரண்டு நோயாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தா, அவவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்து வர ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரை விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு இறக்கை, ஆனா நாலு மாதிரித் தெரியுது" என்றார். ஆண்கள் வாட்டு என்பதால் இரவில் ஆண்தான் நிற்கலாம். 41 வருசம் கூட வாழ்ந்த அம்மா வெளியே வாங்கில் இருந்தா. பார்வை நேரம் முடிந்து அவ வீட்டுக்குப் போன அன்றிரவே அப்பா போனார்.

வாட்டை எடைபோடும்போது நான் இப்போது கேட்பது இரண்டுதான். வலிக்கும் நோய்த்தணிப்புக்கும் (நோயைச் சுகமாக்குவதல்ல, அது தரும் வேதனையைக் குறைக்கும் வைத்தியம்) தனிக் கிளினிக்கோ பொறுப்பான டொக்டரோ உண்டா? இரவில் கேட்டால் உடனே கொடுக்க மருந்து முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா? சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கென்று நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தேசியத் திட்டச் சட்டகம் ஒன்றைப் போட்டது. கடதாசியில் இருப்பது உங்கள் வாட்டின் இரவு முறைக்கு வந்து சேர்ந்ததா என்று இந்த இரண்டு கேள்வியிலும் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் முதலில் பிழைவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, ஆள் விடும் ஏஜென்சி ஒன்றைப் பிடித்தோம். 24 மணி நேரமும் பயிற்சி பெற்ற ஆள் என்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்தாள், இருபது வயது இருக்கும். நல்ல பிள்ளை. ஆனால் படுத்திருக்கும் ஆளை எப்படிப் புரட்டுவது என்று அவளுக்கு யாரும் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. மாமியின் கைக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள்; மாமி அலறியதில் பக்கத்து வீட்டு நாயே குரைத்தது. ஐந்தாம் நாள் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல், பத்து ரூபாய்க் குத்தி அளவில் தோல் சிவந்திருந்தது. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஏஜென்சிக்கு எடுத்தால் "வேற ஆள் அனுப்பட்டா?" என்பதுதான் எப்போதும் பதில்.

பிறகு ஒரு டொக்டரின் மூலம், வீட்டுக்கு வந்து பார்க்கும் குழு ஒன்று கிடைத்தது. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு மணி நேரம். பெரிய மச்சானுக்குத் திருப்தியில்லை. "இருபத்து நாலு மணி நேரம் நிண்டவள அனுப்பிட்டு, கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் வாறவங்கள நம்பவா?" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான்.

அந்தக் குழுவில் வந்த நேர்ஸ் மிஸ்ஸின் முதல் கேள்வி வலியைப் பற்றியதாக இருக்கவில்லை. "அம்மாக்கு வயிறு போய் எத்தனை நாள்?" என்று கேட்டா. ஆறு நாள். மோர்பின் குளிசை குடிக்கும் அநேகமான ஆட்களுக்கு மலச்சிக்கல் வரும். முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்துத் தொடங்க வேண்டும். மாமியின் வயிற்று உளைவில் பாதி அதனால்தான். நாங்கள் நோய் முற்றிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தோம். மோர்பினை எழுதிவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்காத பராமரிப்பாளர் யாராக இருந்தாலும், அவருக்கு இந்த வேலை தெரியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அடுத்ததாக ஒரு சீ.ஆர். கொப்பி கேட்டா. யன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கோடு போட்டா. சாதாரண மோர்பின் குளிசையின் வேலை நாலு மணி நேரம்தான். வலி வந்தபிறகு கொடுப்பதென்றால் வலிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம். மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுத்தால் வலி தலையெடுக்காது. இரவு 10 மணிக்கு இரட்டை அளவு என்று டொக்டர் எழுதியிருந்தார், அதனால் 2 மணிக்கு மாமியை எழுப்பத் தேவையில்லை. இடையில் வலி கிளம்பினால் கொடுக்கவென்று தனி அளவு, ஒரு நாள் முழு மருந்தின் ஆறில் ஒரு பங்கு, தனிப் போத்தலில். ஒவ்வொரு தரமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மாமியிடம் கேட்டு எழுத வேண்டும். மாமி எண்ணில் சொல்லமாட்டா. "இண்டைக்கு மருமகன்ட சத்தம் அளவுக்கு இருக்கு" என்பா. மனைவி அதற்கு 3 போடுவாள்.

புரட்டுவதை எங்கள் கையால் செய்யவைத்துப் பார்த்தா: இடுப்புக்குக் கீழே மடித்த சேலை, இரண்டு பக்கமும் இரண்டு பேர், எண்ணி ஒரே நேரத்தில் தூக்கிச் சரிப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். வாய் காய்ந்தால் ஈரத் துணி சுற்றிய விரல், விழுங்க முடிகிற நாளில் சின்ன ஐஸ் துண்டு. அந்தச் சிவப்பு பத்து நாளில் மங்கியது. ஏஜென்சிப் பிள்ளைக்கு யாராவது இதையெல்லாம் ஒரு பின்னேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் அவளும் செய்திருப்பாள்.

கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வந்தவர்கள் எப்படி வென்றார்கள் என்றால், மிச்ச 166 மணித்தியாலத்துக்கும் எங்களைத் தயார்பண்ணினார்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணச் சங்கம் இந்த வழியில்தான் வளர்ந்தது: அயலவரையும் தொண்டர்களையும் பழக்கி வீட்டுக்கு வீடு பராமரிப்பைக் கொண்டுபோனது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக்கியது. அமெரிக்காவில் இந்தச் சேவைகளைத் தரம்பார்க்க இறந்தவரின் குடும்பத்துக்குக் கேள்விக்கொத்து அனுப்புகிறார்கள். உதவி கேட்ட நேரத்தில் கிடைத்ததா, வலி குறைந்ததா என்பவற்றோடு, பராமரிக்கும் முறையை உங்களுக்குப் பழக்கினார்களா என்பதும் அதில் உண்டு. எங்கள் ஊரில் யாரும் அப்படி அனுப்புவதில்லை. அந்தக் கேள்விகளை நாம்தான் செத்த வீடு நடந்த வீடுகளில் போய்க் கேட்க வேண்டும். சங்கடம்தான், ஆனால் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

குழுக்களிலும் கெட்டது உண்டு. வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரையில் வீடு என்பதால் எங்களுக்கு வாகனம் வாசல்வரை வந்தது. படுவான்கரையில், வாவிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் "மாரியில வருவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். மார்கழி வெள்ளத்தில் றோட்டு மறைந்து, ஓடப்பாதையும் நின்றால், இரண்டு கிழமை மருந்து கையில் இருக்கவேண்டும். போனில் டொக்டரைப் பிடிக்க முடியாத குழு, எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வீட்டில் வைத்துப் பார்க்க உதவாது. நாங்கள் சேர்வதற்கு முன்னமே ஒரு இரவு அந்தக் குழுவின் நம்பருக்கு எடுத்துப் பார்த்தோம். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். நித்திரைக் குரல்தான், ஆனால் எடுத்தார்கள்.

இல்லத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நண்பர் சொன்னதையும் சேர்த்து. வீட்டில் பார்க்க ஆளில்லை, எல்லோரும் வெளிநாட்டில். அல்லது புண் நாறி, ஒரே அறை வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அல்லது குளிசையில் அடங்காத வலி. இப்படியென்றால் இல்லம்தான் நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மகரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இல்லத்தில் காசு வாங்குவதில்லை. சிக்கல் தூரம். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ராத்திரி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் வரும் மகளுக்குக் கிடைப்பது பகலில் சில மணி நேரம். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு கிழவி, வலி எப்படி இருக்கிறது என்று யாரிடம் சொல்வா? குத்துவது, உளைவது, எரிவது, விறைப்பது எல்லாம் வேறு வேறு வலி, மருந்தும் மாறும். ஆகவே எந்த இல்லமென்றாலும் இரவு நேர்ஸ் தமிழ் பேசுவாரா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

போய்ப் பார்ப்பதென்றால் காலையில் போகாதீர்கள், காலையில் எல்லா இடமும் கழுவித்தான் இருக்கும். பின்னேரம் 5 மணிக்குப் பிறகு போய், நோயாளியின் நகத்தையும் உதட்டையும் பாருங்கள். உதடு வெடித்திருந்தால் தண்ணீர் தொட்டுவைக்க ஆள் போதாது. நண்பர் இல்லத்தைத் தெரிவுசெய்ததற்குச் சொன்ன காரணம் எனக்கு மறக்காது: "வாப்பாட கட்டில, நாங்க கேக்காமலே, கிப்லாப் பக்கம் திருப்பிப் போட்டாங்க." கிப்லா என்பது முஸ்லிம்கள் தொழும் மக்கா திசை. 1967இல் லண்டனில் முதல் நவீன இல்லத்தைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ், உடல், மனம், உறவு, நம்பிக்கை நாலும் சேர்ந்ததுதான் வலி என்றார். கட்டிலைத் திருப்பிய அந்த ஆள் இதையெல்லாம் படித்திருப்பாரோ தெரியாது.

பெரிய மச்சான் அடிக்கடி கேட்டது, "இதெல்லாம் கை விட்டுட்டம் எண்டதுதானே?" 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியத்தோடு ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்பும் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்குமேல் கூடுதலாக வாழ்ந்தார்கள், மனச்சோர்வும் குறைவு. அவருக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "அப்ப ஒரு செலைனாவது ஏத்தலாமே?" பதிலை மிஸ்தான் சொன்னா, அயலட்டைப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே, பாயில் இருந்துகொண்டு. கடைசி நாட்களில் உடம்பு தண்ணீரைக் கேட்பதில்லை. ஏற்றினால் காலும் நெஞ்சும்தான் நிரம்பும், மூச்சு கரகரக்கும். அதன் பிறகு செலைன் பேச்சு வரவில்லை. அந்த விளக்கத்தை எங்கள் தலையில் விடாமல் தானே சொன்னதற்கு நான் அந்தக் குழுவுக்குத் தனியாகப் புள்ளி போடுவேன்.

வீட்டில் மரணம் நடந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு கிழமைக்கு முன்னமே சொல்லியிருந்தார்கள். 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் நல்ல சேவை. ஆனால் கூப்பிட்டால் அவர்கள் வேலை ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. மூச்சு மாறும்போது பதறி அதை எடுக்கவேண்டாம், எங்களுக்கு எடுங்க என்றார்கள். கிளினிக் கொப்பியும் நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டும் ஒரே உறையில் இருக்கட்டும், கிராம சேவகருக்கு நிலைமை முன்கூட்டியே தெரியட்டும், மரணப் பதிவுக்கு அவருடைய அறிக்கை தேவை என்றார்கள். விடியற்காலை 3.40க்கு மாமி போனபோது மனைவியின் கை மாமியின் நெற்றியில் இருந்தது. கொப்பியில் கடைசியாக இரவு 10 மணிக்கு எழுதிய இலக்கம் 1.

எட்டாம் நாள் மிஸ் வந்தா. சாப்பிடச் சொன்னோம், கொஞ்சம் சாப்பிட்டா. பிறகு மிஞ்சிய மோர்பின் குளிசைகளைக் கேட்டு வாங்கி, மேசையில் கொட்டி எண்ணினா. 14. கொப்பியில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, பையில் வைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்து, "நீங்க இரவில நித்திரை கொள்றீங்களா?" என்று கேட்டா.