1500 ரூபா மண்புழுவும் கோயிலடி வௌவாலும்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவுக்குள் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். தை மாதம் ஒரு தோட்டச் சாமான் கடையில் 1500 ரூபாவுக்கு மண்புழு வாங்கினேன். பழைய ஐஸ்கிரீம் பெட்டி, மூடியில் நாலு ஓட்டை, உள்ளே ஒரு பிடி சாணியும் புழுவும். "தோட்டத்தில விடுங்கோ அக்கா, மிச்சத்தை அது பார்க்கும்" என்றார் கடைத் தம்பி.

அதை நம்பிப் பாதியைச் செம்மண் பாத்தியில் விட்டேன். ஒரு கிழமையில் ஒன்றையும் காணவில்லை. பிறகு விசாரித்தால், பெட்டியில் இருந்தது ஐசினியா ஃபெடிடா, உடம்பில் சிவப்பும் மஞ்சளுமாக வரி ஓடும் புழு. அது மண்ணைத் துளைத்துப் போகும் சாதி இல்லை. உக்கும் சாணி, இலைகுழைக்குள் மேலாக வாழ்வது. வெறும் செம்மண்ணில் அதற்கு என்ன சாப்பாடு? இதைச் சொல்லாமல் விற்றது கடையின் பிழைதான்.

மிச்சத்தைக் கிணற்றடி நிழலில் ஒரு தொட்டியில் பழஞ்சாணியும் வாழைச்சருகும் போட்டு வளர்த்தேன். மூன்று மாதத்தில் தேயிலைத்தூள் மாதிரிக் கறுத்த பசளை. சாணி மணம் துளியும் இல்லை. கிளறினால் குட்டி எலுமிச்சங்காய் வடிவில் முட்டைக்கூடுகள்.

பக்கத்துக் கோயிலடி இலுப்பையில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களும் எங்கள் வளவில் வேலை செய்கின்றன, சம்பளம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். இறக்கையை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். பழத்தைச் சப்பிச் சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். காலையில் முற்றம் கூட்டுவது நான். வௌவால் கடித்த பழத்தை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்பது என் சட்டம். எச்சமும் தண்ணிப்பதம், அள்ளிப் பாத்திக்குப் போட வராது. பசளைக் கணக்கில் புழுதான். ஆனால் வீட்டுப் பின்கோடிக்குள் யாரும் நடாத இலுப்பைக் கன்று மூன்று நிற்கிறது. புழு எந்தக் கொட்டையை மதில் தாண்டிக் கொண்டுவரும்?

சித்திரை வெயிலில் இரண்டுக்கும் ஒரே பாடு. வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி இறக்கையால் விசிறிக்கொண்டே இருந்தது, இடையிடையே உடம்பை நக்கி நனைத்தது. புழு மூச்சு விடுவது தோலால். தோல் காய்ந்தால் சரி, முடிந்தது. நான் இரண்டு நேரமும் தொட்டிக்கு மேல் சாக்கை நனைத்துப் போட்டேன்.

கடைக்கு ஐந்தில் இரண்டு புள்ளி. புழுவுக்கு ஐந்தும். வௌவாலுக்கு எவ்வளவு என்று மாம்பழக் காலம் முடிந்த பிறகு கேளுங்கோ.