அம்பாசிடர் இன்ஜினில் டம்மி மாற்றக் கொடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். இன்ஜின் பிளாக்கில் ஓட்டைகளை மூடியிருக்கும் டம்மி எனும் வட்டத் தகடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். உண்மையில் மாற்றியது ஒன்றே ஒன்று. அதையும் தப்பாக மாற்றியிருந்தார்கள்.

வண்டி அப்பாவுடையது. 1987 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். அப்பா போன பிறகு விற்க மனம் வரவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் ஓட்டுகிறேன். போன வருடக் கடைசியில் தினமும் காலையில் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்துதான் இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தபோது பிளாக்கின் பக்கவாட்டில், வட்டமான ஒரு தகட்டின் அடியிலிருந்து துரு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது.

அந்தத் தகடுதான் டம்மி. ஸ்பேர்ஸ் கடையில் கோர் பிளக் அல்லது வெல்ச் பிளக் என்று கேட்க வேண்டும். இரும்புப் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓட இடம் விடுவதற்காக மணலால் செய்த கோர் வைப்பார்கள். பிறகு அந்த மணலை எடுக்கும் ஓட்டைகளை மூடுவது இந்த மெல்லிய தகடு. குளிர் நாடுகளில் இதை ஃப்ரீஸ் பிளக் என்பார்கள், ஆனால் நம் ஊரில் பனியால் கெடுதல் இல்லை. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றுவதால் உள்பக்கத்திலிருந்து துரு அரிக்கிறது. வெளியே ஈரம் தெரியும்போது உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் விட்டேன். "சார், ஒண்ணு போனா மத்ததும் போகும், எல்லாத்தையும் மாத்திடலாம். பின்னாடி ஒண்ணு ஃப்ளைவீலுக்கு அந்தப் பக்கம் இருக்கு, அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார் மெக்கானிக். சொன்னது அத்தனையும் சரிதான். அதனாலேயே நம்பிவிட்டேன். நான்கு நாள் கழித்துத் துண்டுச் சீட்டில் கணக்கு வந்தது. அதில் "கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியது 6,000" என்று தனி வரி. கிளட்ச் பிளேட்டையும் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். பழைய டம்மிகளைக் கேட்டேன். "குப்பையில போயிடுச்சு சார்." சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும்.

பத்து நாள் தண்ணீர் குறையவில்லை. அப்புறம் திண்டிவனம் கிளம்பினோம், அம்மாவும் கூட. செங்கல்பட்டு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறியது. மதுராந்தகம் வருவதற்குள் அதுவே இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. முள் இறங்கியது இன்ஜின் குளிர்ந்ததால் இல்லை, சென்சாரைத் தொடுவதற்கே தண்ணீர் மிச்சம் இல்லாததால். இதை எல்லோரும் மனதில் வையுங்கள்: ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நான் இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய், சைலன்சரில் வெள்ளைப் புகை வந்த பிறகுதான் நிறுத்தினேன். வெயிலில் அம்மா ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்.

வண்டியை டோ செய்து சென்னை புதுப்பேட்டையில் அம்பாசிடர் வேலையே ஆயுசு முழுக்கப் பார்த்த ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) போல்ட்டுகளில் டார்ச் அடித்தார். "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். போல்ட் தலைகளைச் சுற்றி கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக, உடையாமல் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்டிருந்தால் விளிம்பில் இரும்பு பளிச்சென்று தெரியும். இந்த கியர்பாக்ஸைக் கழற்றியே பல வருடம் ஆகியிருக்கும் என்றார். தண்ணீர் ஒழுகியது அதற்குப் பின்னால் இருந்த டம்மியில்தான்.

பக்கவாட்டில் இருந்தவற்றின் மேல் சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். பாய் ஸ்க்ரூ டிரைவரால் ஒன்றைச் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் எம்-சீல் ஒரு வில்லையாகப் பெயர்ந்து வந்தது, அதற்கடியில் ஊசித் துளைகளோடு பழைய டம்மி. புதிதாகப் போட்ட ஒன்றைக் கழற்றியபோது இன்னும் மோசம். பழையதை வெளியே எடுக்காமல் உள்ளே தட்டிவிட்டு, அதன் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். அந்தப் பழைய தகடு சிலிண்டர் சுவரை ஒட்டித் தண்ணீர் வழியை மறித்துக் கிடந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேல் தொட்டி முழுக்க மஞ்சள் தூள் சேறு. நடு ரோட்டில் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு வீடு வந்து சேர்வது டிரைவர்களின் பழைய கைவைத்தியம், அதில் தப்பில்லை. காசு வாங்கிய வேலையை மறைக்க அதைக் கொட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்குவது), கேஸ்கட், ரேடியேட்டர் அடைப்பு, எல்லா டம்மியும் சேர்த்து இன்னொரு 22,000 ஆனது. வேலை நடக்கும்போது கூடவே நின்றேன். டம்மியின் ஒரு ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் அது திரும்பி நிற்கும், பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே சேர்ந்திருந்த துருச் சேற்றைக் கம்பியால் கிளறித் தண்ணீர் அடித்துக் கழுவினார். ஓட்டையின் விளிம்பை எமரியால் தேய்த்து, வெர்னியரால் அளந்து, சீலன்ட் தடவி, உள்ளே சரியாக உட்காரும் சாக்கெட்டை வைத்து நேராக அடித்தார். பித்தளை டம்மிதான் போட்டோம், அது துருப்பிடிக்காது. கம்பெனி 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியிருந்தாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்ட இரண்டாவது கடையிலேயே கிடைத்தது.

கடைசியாக ரேடியேட்டர் வாயில் கைப் பம்பு மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காட்டினார். இந்த பிரஷர் டெஸ்ட்டைப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்காதீர்கள். பழைய டம்மிகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விடுவதற்கு முன்பே பெல் ஹவுசிங் போல்ட்டுகளை போட்டோ எடுத்து வையுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. நல்லவேளை, பணத்தை யூபிஐயில் அனுப்பியிருந்தேன், அந்த ரசீதையும் போட்டோக்களையும் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் இந்த வேலை செய்தவர்கள் இன்று இரவே பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் ஈரம் இருந்தால் வெளியூருக்கு வண்டியை எடுக்காதீர்கள்.