டைமிங் செயினா, டைமிங் கியரா? இரண்டையும் வைத்திருந்து பார்த்ததில்

எங்கள் குடும்பத்தில் இரண்டு வாகனம். கொழும்பு வெள்ளவத்தையில் நான் ஓட்டும் கொரோலா 121, எஞ்சின் 1என்இசட்-எஃப்இ, டைமிங் செயின். புறக்கோட்டைக் கடைக்கு மாமா வைத்திருக்கும் இசுசு எல்ஃப் லொறி, எஞ்சின் 4ஜேபி1, டைமிங் கியர். பத்து வருடத்துக்கு மேல் இரண்டோடும் பழகிவிட்டேன். "செயின் அறும், கியர்தான் சாகாது" என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எஞ்சினில் பிஸ்டன்கள் சுற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைக்கும் செயினோ பல்சக்கரமான கியரோ, செய்வது அதைத்தான்.

2022இல் பெற்றோல் கியூவில் கிடந்தோமே, அப்போது எஞ்சின் ஒயில் விலையும் எகிறிவிட்டது. 5,000 கிலோமீற்றரில் மாற்றும் ஒயிலை 12,000 வரை இழுத்தேன். கியூவில் ஊர்ந்ததும், காலி வீதி நெரிசலில் ஏசி போட்டு நின்றதும் மீற்றரில் ஏறாது. ஒயில் மட்டும் கறுத்துக்கொண்டே போகும். அடுத்த வருடம் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு செக்கன் 'கரகர' என்று சத்தம், அப்புறம் அடங்கிவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் பிரஷரில் வேலை செய்வது. பிரஷர் ஏறும்வரை தளர்ந்த செயின் அடிக்கிறது.

மலிவாகக் கிடைத்த செயின் கிட் ஒன்றைப் போட்டேன். எட்டே மாதம், அதே சத்தம். கழற்றிப் பூட்டும் கூலியை இரண்டாம் முறையும் கொடுத்து, ஒரிஜினல் செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைட், பல்சக்கரம் எல்லாமே மாற்றினேன். அன்று மெக்கானிக் அண்ணன் கழற்றிய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது அரைக் கண்ணி அளவு கீழே இறங்கி நின்றது. "இரும்பு நீளாது தம்பி. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்ஞ்ச இடைவெளி எல்லாம் சேர்ந்து வந்தது இது" என்றார். அதற்குப் பிறகு 5,000க்கு ஒருநாளும் பிந்தவில்லை. சத்தமும் வரவில்லை.

லொறிக்கு வருவோம். முன் ஒயில் சீல் மாற்றத் திறந்தபோதுதான் அதன் கியர்களை முதன்முதலாகப் பார்த்தேன். சாய்ந்த பற்கள், எண்ணெய்ப் பளபளப்பு. கையால் அசைத்துப் பார்த்தால் மயிரிழை ஆட்டம், அவ்வளவுதான். இத்தனை வருடம் மூட்டை சுமந்த வண்டி. ஆனால் எந்நேரமும் ஒரு மெல்லிய 'ங்ங்' ஊளை இருக்கும். லொறியில் அது காதில் விழாது, காரில் தாங்க முடியாது.

அப்படியென்றால் காருக்கும் கியர் போட்டால் என்ன? லொறியில் கேம் எஞ்சின் பிளொக்குக்குள்ளேயே, கிராங்குக்குக் கிட்ட இருக்கிறது. நடுவில் ஒரு கியர் வைத்தால் எட்டிவிடும். காரில் இரண்டு கேமும் எஞ்சினின் உச்சியில். அவ்வளவு தூரத்துக்குக் கியர் அடுக்கினால் எடை, சத்தம், செலவு. ஹொண்டாவின் விஎஃப்ஆர்750 மோட்டார் சைக்கிளில் கேமைச் சுழற்றியது கியர்தான், கேட்க அருமையான சத்தம். அவர்களே 2002 விஎஃப்ஆர்800இல் செயினுக்குப் போய்விட்டார்கள். அமெரிக்க ஷெவ்ரலே வி8 எஞ்சின்களுக்குக் கியர் கிட் விற்பதைக் காட்டி, காருக்கும் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றிலும் கேம் கிராங்குக்குப் பக்கத்தில்தான்.

பாரம் ஏற்றும் டீசல் வாகனமென்றால் கண்ணை மூடிக்கொண்டு டைமிங் கியர் உள்ளதை வாங்குங்கள். வீட்டுக் காருக்குச் செயின் போதும். பழைய கார் பார்க்கப் போகிறீர்களா, விடியற்காலையில் போங்கள். முதலில் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அந்த முதல் இரண்டு செக்கனைக் கவனமாகக் கேளுங்கள்.