குறட்டைக்குப் பல் கிளிப் போடப் போய் இரண்டு மாதச் சம்பளம் போச்சு

இன்று காலைதான் இரண்டாவது தூக்கப் பரிசோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்தது. தூங்கும்போது கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கிற கிளிப் அது, அதை வாயில் மாட்டிக்கொண்டு படுத்து எடுத்த பரிசோதனை. மணிக்கு 31 முறை மூச்சு தடைபடுகிறது. கிளிப் போடுவதற்கு முன் 36. இந்த ஐந்துக்காக இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் பிரச்சினை இருப்பது முன்பே தெரியும். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 30ஐத் தொட்டால் தீவிரம். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின்தான் சரி என்றார் தூக்க மருத்துவர். மாஸ்க்கைப் போட்டால் எனக்கு மூச்சு முட்டியது, பாதி ராத்திரியில் கழற்றி எறிந்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் "மெஷின் வேண்டாம், மாஸ்க் வேண்டாம்" என்று ஒரு பல் கிளினிக்கின் விளம்பரம் கண்ணில் பட்டது.

அந்த டாக்டர் எடுத்ததும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. தாடை மாதிரி ஒன்றை மேசையில் வைத்து, "கீழ்த்தாடை முன்னால வந்தா நாக்கும் கூடவே வரும், தொண்டை அடைக்காது" என்று பொறுமையாகக் காட்டினார். அப்புறம் என் தாடையை முன்னால் தள்ளச் சொல்லி, "இப்ப குறட்டை விட்டுப் பாருங்க சார்" என்றார். முயன்று பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நின்ற மூச்சு திரும்ப வருகிறதா என்று எத்தனையோ ராத்திரி விழித்துக் கிடந்தவள் அவள். அந்த இடத்தில்தான் நம்பினேன். முழுப் பணத்தையும் அன்றைக்கே கட்டினேன்.

அவர் சொன்ன விளக்கம் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. கையோடு கொண்டுபோன ரிப்போர்ட்டை அவர் பிரித்தே பார்க்கவில்லை. ஈறைப் பார்க்கவில்லை, தாடை மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உதவியாளர் வந்து பல் அளவு எடுத்தார், அவ்வளவுதான். கொடுத்தது ஒரே துண்டாக இறுகிய கிளிப். கொஞ்சம் கொஞ்சமாக, மில்லிமீட்டர் கணக்கில் தாடையை முன்னால் நகர்த்தும் வசதி இருக்க வேண்டுமாம். இதில் அது இல்லை என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

குறட்டை குறைந்தது உண்மை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், நானும் குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பகல் தூக்கம் போகவில்லை. ஒருநாள் வண்டி ஓட்டும்போதே கண் சொக்கியது. சத்தம்தான் அடங்கியிருக்கிறது, மூச்சு நிற்பது நிற்கவில்லை. அதோடு தாடை வலி, காலையில் எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை.

போன் செய்தேன். "பழகிடும் சார்" என்றார்கள். மறுபடி செய்தேன், "நீங்க ஒழுங்கா மாட்டலை" என்றார்கள். நேரில் போனால் டாக்டர் வெளியூர் போயிருக்கிறாராம். அடுத்த வாரமும் வெளியூர்தான். கடைசியாகப் பணத்தைக் கேட்டதும், "உங்க வாய் அளவுக்குச் செஞ்சது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம். ஒரு ரசீது மட்டும் இருக்கிறது, அதிலும் "பல் சாதனம்" என்று ஒற்றை வரி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்காத இடத்தில் கிளிப் செய்யாதீர்கள். லேசான, நடுத்தர அளவு பிரச்சினைக்கு இது பலருக்கு உதவும், தீவிரம் என்றால் தூக்க மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். தாடையை நகர்த்தி அமைக்கிற கிளிப்பா என்று கேளுங்கள். ஈறும் ஆடுகிற பல்லும் முதலில் சரியாக வேண்டும். போட்ட பிறகு கிளிப்போடு மறுபடி பரிசோதனை எடுங்கள், குறட்டை நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள்.

நாளைக்குத் தூக்க மருத்துவரிடம் போகிறேன். வேறு வகை மாஸ்க் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம் என்று அவர் அன்றைக்கே சொன்னார்.