ஃபால்கனா, கோர்வேரா, வேலியன்ட்டா?

1959 கடைசியில் அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு சின்னக் கார்களை இறக்கின: ஃபோர்டு ஃபால்கன், செவ்ரோலே கோர்வேர், கிரைஸ்லரின் வேலியன்ட். மூன்றுக்கும் ஆறு சிலிண்டர்தான். ஆனால் மூன்றும் மூன்று ரகம்.

விற்பனையில் ஃபால்கன்தான் முந்தியது. முதல் வருடமே நாலு லட்சத்தைத் தாண்டியது. எந்த மெக்கானிக்கும் பயமில்லாமல் கை வைக்கலாம், அவ்வளவு எளிமை. ஆனால் 144 கன அங்குல இன்ஜினுக்கு 90 குதிரைத்திறன்தான், மேடு ஏறும்போது திணறும். சிலிண்டர்களுக்குள் காற்று-பெட்ரோல் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பதால் பவரைக் கூட்டவும் எளிதில் வழியில்லை.

கோர்வேர் ஓட்ட ஆசையான கார். இன்ஜின் பின்னால், காற்றிலேயே குளிரும், ரேடியேட்டர் தொல்லை கிடையாது. அதன் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள்: நிமிர்ந்து சுற்றும் புல்லியிலிருந்து கிளம்பி, படுக்கையாகச் சுற்றும் ஃபேனுக்குத் திரும்பி வளைந்து போகிறது. அது கழன்றால் இன்ஜின் சூடேறிவிடும். வால்வை இயக்கும் தண்டுகள் போகும் புஷ்ராட் குழாய்களின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்துபோனால் ஆயில் ஒழுகும். டயர் காற்றும் முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு என்று கவனமாக வைக்க வேண்டும். பலர் அதை மதிக்கவில்லை.

என் ஓட்டு வேலியன்ட்டுக்கு. 30 டிகிரி சாய்த்து உட்கார வைத்த ஸ்லான்ட் சிக்ஸ் இன்ஜின், 170 கன அங்குலத்தில் 101 குதிரைத்திறன். சாய்த்ததால் பானெட் தாழ்ந்தது, பக்கத்தில் நீளமான இன்டேக் குழாய்களுக்கு இடமும் கிடைத்தது. உள்ளே ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய கிராங்க்ஷாஃப்ட். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போதும் பேட்டரி சார்ஜ் ஏறும். மற்ற இரண்டின் ஆட்டோமேட்டிக்கில் இரண்டே கியர், இதில் மூன்று. வேகத்திலும் சளைத்ததில்லை: 1960 ஜனவரியில் டேடோனாவில் நடந்த காம்பாக்ட் கார் பந்தயத்தில் முதல் ஏழு இடமும் வேலியன்ட்டுக்குத்தான்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போதே டாப்பட் (வால்வு இடைவெளி) செட் செய்ய வேண்டும், இன்டேக் 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் 20 தௌ. அதைத் தள்ளிப்போட்டால் கடகடவென்று சத்தம் கேட்கும்.

இன்று தினமும் ஓட்ட ஒன்று வேண்டுமென்றால், 1967-க்குப் பிந்தைய வேலியன்ட்டை 225 கன அங்குல இன்ஜினோடு தேடுங்கள். அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் லைன் தனித்தனி. அப்புறம், விலை பேசுவதற்கு முன் காருக்குள் இருக்கும் தரைவிரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.