ஜியோகேச்சிங் ஆப்ப நம்பி ஏலகிரில டப்பா தேடுன கதை

போன ஞாயித்துக்கெழம காட்பாடில இருந்து ஏலகிரிக்கு கிளம்பும்போதே அக்கா பையன் போன்ல ஜியோகேச்சிங் ஆப்ப ஏத்திட்டு வந்துட்டான், "சித்தி, மலைல யாரோ டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க, நாம கண்டுபிடிக்கணும்"னு ஒரே பிடிவாதம். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் இதே பேச்சுதான்.

விஷயம் இதான். ஜிபிஎஸ் இடத்த ரொம்ப துல்லியமா காட்டக் கூடாதுன்னு அமெரிக்கா அந்த சிக்னல்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழைய 2000 மே மாசம் எடுத்துட்டாங்க, உடனே அங்க ஓரிகன் மாநிலத்துல ஒருத்தர் ஒரு கறுப்பு பக்கெட்ட ஒளிச்சு வெச்சு, இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய நெட்ல போட்டு தேடுங்கன்னார், அப்டி ஆரம்பிச்சதுதான் இந்த வெளையாட்டு. ஆப் இலவசம்தான், காசு கட்டுனா இன்னும் நிறைய டப்பா தெரியும். ஒவ்வொண்ணுக்கும் கண்டுபிடிக்கிற கஷ்டத்துக்கு 1ல இருந்து 5, நடக்குற பாதைக்கு 1ல இருந்து 5ன்னு மார்க் போட்டிருப்பாங்க, பசங்களோட போறவங்க ரெண்டும் 2க்குள்ள இருக்குறதா பாத்து எடுங்க, நாங்க அப்டித்தான் எடுத்தோம்.

ஆப்ல அம்பு காட்டுற பக்கம் போனா டப்பாவுக்கு 4 மீட்டர்னு காட்டுது, ஒரு எட்டு வெச்சா 11ங்குது. மரத்தடிலயும் பாறை ஓரத்துலயும் போன் ஜிபிஎஸ் இப்டித்தான் தாவும். அரைமணி நேரம் அம்பு பின்னாடியே சுத்தினோம், அப்புறம் போன பைல போட்டுட்டு, நாமளா இருந்தா எங்க ஒளிப்போம்னு யோசிச்சு கண்ணால தேட ஆரம்பிச்சப்பதான் வேல நடந்துச்சு.

யாருக்கும் தெரியாம தேடணும்னு இதுல ஒரு வழக்கம் இருக்கு. நம்ம ஊர்ல அது ரொம்ப செரமம்ங்க, நாலு பேர் குனிஞ்சு கல்லு சந்துல பாத்தா யாரு சும்மா போவாங்க? பலாச்சுளை விக்கிற பாட்டி ஒருத்தங்க கடைய விட்டுட்டே வந்துட்டாங்க, "என்னம்மா, தோடு கீடு விழுந்துடுச்சா?"ன்னு. பொய் சொல்ல மனசு வரல, "இல்ல பாட்டி, ஒரு வெளையாட்டு"ன்னு சொல்லி வெளக்குனேன், அவங்களும் கூட நின்னு தேடுனாங்க! ஆனா கல்லு சந்துல கைய விடுறதுக்கு முன்னாடி குச்சியால தட்டிப் பாக்கச் சொன்னாங்களே, அத கண்டிப்பா செய்யுங்க, பாம்பு தேள் இருக்குற மலை.

கடைசில பையன்தான் கண்டுபிடிச்சான். எங்கன்னு சொல்ல மாட்டேன், அடுத்து போறவங்க சந்தோஷத்த கெடுக்கக் கூடாது. மாத்திரை டப்பா அளவுதான், உள்ள சுருட்டி வெச்ச பேப்பர், அதுல பேரு எழுதி தேதி போடணும். எங்ககிட்ட பேனா இல்ல! பாட்டி கணக்கு எழுதுற பேனாவ குடுத்தாங்க. மேல இருந்த பேரெல்லாம் இங்கிலீஷ், எங்க பையன் தமிழ்ல எழுதுனான், கூடவே பாட்டி பேரையும் கேட்டு சேத்துட்டான், டப்பாவ இருந்த எடத்துலயே வெச்சுட்டு பலாச்சுளை வாங்கிட்டு கீழ எறங்குனோம்.