குன்னூரில் இரண்டு நாள் இம்ப்ரோவ் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

எழுதிவைத்த வசனமும் ஒத்திகையும் இன்றி மேடையிலேயே காட்சியை உருவாக்கும் இம்ப்ரோவ் நகைச்சுவையை, கனடா நடிகை கேத்தரின் ஓ'ஹாராவின் கலை வாழ்க்கையை முன்வைத்துக் கற்பிக்கும் பயிலரங்கு ஒன்று குன்னூர் பெட்ஃபோர்டுக்கு மேலுள்ள பழைய பங்களா ஒன்றில் நடந்தது. மதிய உணவுடன் 3,500 ரூபாய் கட்டணம். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத பயிற்சி கிடைத்தது. சொல்லியிருந்த அனைத்தும் கிடைக்கவில்லை.

வரலாற்றைப் பயிற்றுநர் சுருக்கமாகவே சொன்னார். சிகாகோவில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்திலிருந்து வயோலா ஸ்போலின் உருவாக்கிய நாடக விளையாட்டுகளே, அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டி குழுவுக்கு அடித்தளம். அக்குழுவின் டொராண்டோ அரங்கில் உணவு பரிமாறிக்கொண்டிருந்த ஓ'ஹாரா, 1974-இல் அங்கேயே நடிகையானார்.

பயிலரங்கின் உயிர் பயிற்சிகளில்தான் இருந்தது. பச்சைத் தேயிலைக் கொள்முதல் நிலையத்தை ஒரு காட்சிக்குக் களமாகக் கொடுத்தார்கள். எடை போடுபவராக நடித்த இளைஞர், "இது தேயிலையே இல்லம்மா, புல்லு" என்றார். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த, மேடையே ஏறியிராத ஓர் அம்மா அதை மறுக்கவில்லை. "ஆமாங்க, எங்க மாடு டீ குடிச்சாத்தான் பால் கறக்கும், அதுக்கும் சேர்த்துப் பறிச்சேன்" என்றார். கூடம் அதிர்ந்தது. சக நடிகர் கொடுத்ததை ஏற்று அதன்மேல் ஒன்றைக் கூட்டுவது என்ற அடிப்படை விதி, எந்த விளக்கவுரையும் இல்லாமல் எங்கள் எல்லோருக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது.

அதன் பிறகே ஓ'ஹாராவின் திரைப்பணிக்கு வந்தது மிகச் சரியான வரிசை. கிறிஸ்டோபர் கெஸ்ட் 2000-இல் எடுத்த நாய்க் கண்காட்சிப் படத்தில் கதைப்போக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பேச்சை நடிகர்களே படப்பிடிப்பில் உருவாக்கினார்கள். அதில் அவர் சிரிப்பைத் தன் பக்கம் இழுக்க முயலாமல், எதிரில் இருப்பவர் பேசுவதைக் கூர்ந்து கேட்டு முகத்தாலேயே பதில் சொல்வதைப் பயிற்றுநர் காட்சி காட்சியாக விளக்கினார். முழுக்க எழுதப்பட்ட வசனம் கொண்ட தொலைக்காட்சித் தொடரில் மொய்ரா ரோஸ் பாத்திரத்துக்காக அவர் 2020-இல் எம்மி விருது பெற்றபோது, அவர் மேடையேறி 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதிக் கொடுத்த வரியையும் அப்போதுதான் தோன்றியதுபோல் சொல்ல வைப்பது அந்தப் பழைய மேடைப் பழக்கம்தான் என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

குறைகள் இரண்டு. கேமரா முன் நடிக்கும் பயிற்சிக்கு அரை நாள் என்று சொல்லிவிட்டுக் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் ஒதுக்கினார்கள். பலருக்குத் தங்கள் முறை வரவே இல்லை. இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்தியது. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஸ்பெஷல் நாடகத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்படும் கலைஞர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் சந்தித்து இரவு முழுவதும் ஆடுகிறார்கள். பபூனும் நடனக்காரியும் பேச்சுக்குப் பேச்சு எடுத்துக் கொடுப்பதும் இதே கலைதான். தமிழர்களுக்கு நடத்தும் வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெரிய இழப்பு.

பள்ளி ஆசிரியர்களுக்கும் குறும்படங்களில் நடிக்க விரும்புபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடம் கடுங்குளிராக இருக்கும், ஸ்வெட்டர் அவசியம்; வகுப்பு மாலை ஆறு மணியைத் தாண்டுவதால், ஊட்டி, கோத்தகிரி செல்பவர்கள் திரும்பும் பேருந்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.